கேமராவில் சிக்காத நீலி!

ஹாஸ்டல். ராத்திரி ஒரு மணி. ரூம்மேட் குறட்டை. போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டு ஒரு பேய் நாவல் படிச்சிருப்பீங்க. பாத்ரூம் போறதுக்குக்கூட அடுத்த ரூம்காரனை எழுப்பித் துணைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அதே கதை சினிமாவா வருது. கேங்கா கிளம்பிப் போறீங்க. இன்டர்வெல் வர்றதுக்குள்ள நாலு பேரு கொட்டாவி, ரெண்டு பேரு மொபைல். வெளியே வந்ததும் கோரஸா ஒரே டயலாக்: 'புக்குல இருந்த கெத்து படத்துல இல்லையே மச்சி!'

ஏன் இல்லை? பட்ஜெட் பத்தலையா, கிராபிக்ஸ் மட்டமா, ஹீரோயினுக்கு நடிக்க வரலையா? இதையெல்லாம் தாண்டி ஒரு காரணம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்க ஹாலிவுட் வரைக்கும் போக வேணாம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஒரு டிக்கெட் போடுங்க, போதும்.

நாகர்கோவில் ஜங்ஷன்னு போர்டு போட்ட ஸ்டேஷன்ல இறங்குறீங்க இல்லையா, அந்த மண்ணுக்குப் பேரு கோட்டாறு. இன்னிக்கு அது நாகர்கோவில் மாநகராட்சியில் ஒரு பகுதி. ஆனா வயசுன்னு பார்த்தா கோட்டாறுதான் அண்ணன். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் 'கொட்டியாரா' என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். சோழர் காலத்தில் இதுக்கு மும்முடிச் சோழபுரம்னு இன்னொரு பேரும் இருந்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மார்க்கெட் பக்கம் நடந்து பாருங்க. மிளகு, கிராம்பு, மட்டி, செவ்வாழை, ஏத்தன் குலைன்னு மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்துல வேலை. கொஞ்ச தூரத்துல சவேரியார் பேராலயம். 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15-ம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் அடக்கமாகி இருப்பது அங்கேதான். இன்னொரு பக்கம் போனா ஞானியார் சாகிபு பாடித் திரிந்த தெருக்கள். இன்னும் கொஞ்சம் நடந்தா சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் இடலாக்குடி. கடைக்காரர்கள் பேசுற தமிழ்ல மலையாளம் உப்பு மாதிரி கரைஞ்சிருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதனால இங்கே மம்மூட்டியும் மோகன்லாலும் 'பக்கத்து ஸ்டேட்' ஆளுங்க இல்லை.

எல்லாத்துக்கும் மேலே, இது வியாபார ஊர். பாண்டி நாட்டிலிருந்து சரக்கு வண்டிகள் வேணாட்டுக்குள் நுழைய ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் வாசல். வாசலைத் தாண்டினா முதல் பெரிய சந்தை கோட்டாறு. மடியில பணம், வண்டியில சரக்கு, முன்னே இருட்டு, ரெண்டு பக்கமும் காடு. அப்படி வந்த வியாபாரிகளின் பயத்துக்கு ஒரு பேரு உண்டு. நீலி.

ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆளுக்கு ஒரு நீலி சொல்வாங்க. பழையனூர் நீலி, கள்ளியங்காட்டு நீலி, பஞ்சவங்காட்டு நீலி. பேரும் ஊரும் மாறும். எலும்புக்கூடு ஒண்ணுதான். வில்லுப்பாட்டுல பாடுற கதையைச் சுருக்கமா சொல்றேன். ராத்திரி படிக்கிறவங்க லைட்டைப் போட்டுக்கங்க.

தாசி குலத்துப் பொண்ணு ஒருத்தி. ஒரு பூசாரி அவளைக் காதலிக்கிறான். அவன் கையில் காசு தீர்ந்ததும் அவள் வீட்டிலிருந்து விரட்டப்படுகிறான். அவள் மட்டும் நகைகளோடு அவன் பின்னாலேயே போகிறாள். நடு வழி, நடு மத்தியானம், ஒரு கள்ளிச்செடி நிழல். களைச்சுப்போய் அவன் மடியிலயே தலை வச்சுத் தூங்குறா. அவன் மெல்ல மடியை உருவி, மணலைக் குவிச்சுத் தலைக்கு அண்டை கொடுத்துட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்றான். நகைகளை எடுத்துட்டுப் போறான். பார்த்தது யாரும் இல்லை. சாகுறப்போ அவ அந்தக் கள்ளியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறா.

அடுத்த பிறவி. அவன் ஒரு செட்டி, வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன். அவ நீலி. அவன்கிட்ட ஒரு மந்திரக் கத்தி இருக்கு. அது கையில இருக்கிற வரைக்கும் அவளால கிட்ட நெருங்க முடியாது. அதே காட்டு வழியில் அவனைப் பார்க்கிறா. ஒரு கள்ளிக் கொப்பை ஒடிச்சுக் கைக்குழந்தையா மாத்தி இடுப்புல வச்சுக்கிட்டு, 'என்னை விட்டுட்டு எங்கே போறீரு?'ன்னு பின்னாலேயே நடக்குறா. அவன் ஓடுறான். ஓடி ஓடி ஒரு ஊருக்குள்ள நுழைஞ்சு, 'இது பேய், காப்பாத்துங்க'ன்னு கத்துறான். ஊர்ப் பெரியவங்க எழுபது பேர் கூடுறாங்க. எழுபது பேரும் பார்க்கிறது என்ன? அழகான ஒரு பொண்ணு, அழுத கண்ணு, இடுப்புல பச்சைப் பிள்ளை. 'வேற ஒருத்தியோட சகவாசம், அதான் என்னைப் பேய்ங்கிறாரு'ன்னு அவ சொல்றா. பிள்ளையை இறக்கி விட்டா, அது தவழ்ந்துபோய் 'அப்பா'ன்னு அவன் மடியில ஏறி உட்காருது.

தீர்ப்பு ஆச்சு. 'ராத்திரி ரெண்டு பேரும் ஒரே அறையில தங்குங்க. காலையில பேசிக்கலாம்.' அவ இன்னொரு வார்த்தை சொல்றா: 'அந்தக் கத்தியால என்னைக் கொன்னுடுவாரு.' நியாயம்தானே! பெரியவங்க கத்தியை வாங்கி வச்சுக்கிறாங்க. அவன் கெஞ்சுறான். 'உன் உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா எழுபது பேரும் உயிரை விடுறோம்'னு வாக்கு கொடுத்து, உள்ளே தள்ளி, கதவைச் சாத்துறாங்க.

காலையில கதவைத் திறக்கிறாங்க. எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாத்துறாங்க. தீயில இறங்குறாங்க.

இந்தக் கதைக்கு வடக்கே ஒரு வேர் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல பழையனூர். அந்த எழுபது வேளாளர்களுக்கு அங்கே நினைவிடமே இருக்கு. பக்கத்துக் கோயில் சாமி பேரு சாட்சி பூதேஸ்வரர். பேரைக் கவனிச்சீங்களா, சாட்சி! அங்கிருந்து கதை எப்படியோ நடந்து நடந்து நாஞ்சில் நாட்டுக்கு வந்து, கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் இசக்கியம்மனா உட்கார்ந்துடுச்சு.

இப்ப ஒரு கேள்வி. இந்தக் கதையில உங்களுக்கு எங்கே உடம்பு சிலிர்த்தது? கல்லைத் தூக்கிப் போட்ட இடத்துலயா? காலையில கதவைத் திறந்தப்பவா? எனக்கு, கத்தியை வாங்கி வச்ச இடத்துல. கெட்டவங்க யாரும் இல்லை அங்கே. எழுபது நல்லவங்க. கண்ணால பார்த்ததை நம்பி, ரொம்ப நியாயமா, ரொம்பப் பொறுமையா விசாரிச்சு, ஒருத்தனைச் சாவுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துறாங்க. காலேஜ் டிசிப்ளின் கமிட்டி முன்னாடி செய்யாத தப்புக்கு நின்னவங்களுக்கு இந்த சீன் தனியாப் புரியும்.

அந்த சீனைத்தான் கேமரா பிடிக்க முடியாம திணறுது. ஒரு ஷாட் வைக்கணும்னு வச்சுக்கங்க. நீங்கதான் டைரக்டர். நீலியை எப்படிக் காட்டுவீங்க? செட்டி பார்க்கிற மாதிரி பல்லும் நகமுமா காட்டினா, எழுபது பேரும் முட்டாள்கள் ஆயிடுவாங்க. எழுபது பேர் பார்க்கிற மாதிரி அப்பாவிப் பொண்ணா காட்டினா, செட்டி பைத்தியக்காரன் ஆயிடுவான். மாத்தி மாத்திக் காட்டினா அது கிராபிக்ஸ் டெமோ. பாட்டுல இந்தச் சிக்கலே கிடையாது. 'பிள்ளையை ஏந்தி வந்தாள்'னு பாடகர் சொல்லும்போது, உங்க மனசுக்குள்ள அது பிள்ளையாவும் இருக்கு, கள்ளிக் கொப்பாவும் இருக்கு. ஒரே நேரத்துல. வார்த்தையால ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிக்க முடியும். லென்ஸ் ஒண்ணைத்தான் பிடிக்கும்.

நாவலுக்கும் படத்துக்கும் நடுவுல தொலைஞ்சுபோற சமாசாரம் இதுதான்னு நான் நினைக்கிறேன். பேய் இல்லை. பேயா இல்லையாங்கிற அந்த இழுபறி.

சினிமாக்காரங்க நீலியை விட்டுவைக்கல. 1979-ல் எம்.கிருஷ்ணன் நாயர் இயக்கத்தில் மலையாளத்தில் 'கள்ளியங்காட்டு நீலி'ன்னே ஒரு படம் வந்தது. அதைத் தாண்டி எல்லாருக்கும் தெரிஞ்சது 2025 ஆகஸ்ட்டில் வந்த 'லோகா'. டொமினிக் அருண் டைரக்ஷன், கல்யாணி பிரியதர்ஷன் நீலி. கேரளாவில் வசூல் சாதனை. இங்கேயும் விசில். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனா ஒருத்தராவது பயந்தீங்களா? நீலி அதுல சூப்பர் ஹீரோ. மன்னனின் அடக்குமுறைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியா அவளுக்குப் புது ஜாதகம் எழுதிட்டாங்க. யார் பக்கம் நியாயம்னு முதல்லயே முடிவாயிடுச்சு. அப்புறம் இழுபறி எங்கே? படம் பயமுறுத்த வரவே இல்லை, அதனால அதைக் குறை சொல்ல முடியாது. பேரை எடுத்துக்கிட்டு வேற வேலைக்குக் கிளம்பிட்டாங்க, அதையும் அழகாச் செஞ்சாங்க.

இதுல எனக்கு ஒரு கவலை உண்டு. நீலி கதையில் முதல் பாதியை வெட்டிட்டு ரெண்டாம் பாதியை மட்டும் எடுத்தா, 'அழுற பொண்ணை நம்பாதே'ன்னு ஆகிடும். ரெண்டாம் பாதியை வெட்டிட்டு முதல் பாதியை மட்டும் வச்சா, சாதாரணப் பழிவாங்கல் கதை. ரெண்டும் சேர்ந்தாத்தான் விஷயம் புரியும். முதல் தடவை அவ உண்மையைச் சொன்னப்போ கேட்க ஒரு கள்ளிச்செடியைத் தவிர யாருமில்லை. ரெண்டாம் தடவை அவ பொய் சொன்னப்போ எழுபது பேர் வந்தாங்க. அந்தக் கள்ளியையே பிள்ளையா ஏந்தி வந்து நிறுத்துறா பாருங்க... சாட்சிக்குக் கூப்பிட்ட செடி, சாட்சி சொல்லுது, பொய்ச் சாட்சி! ரெண்டு மணி நேரப் படத்துல இதை எங்கே வைக்கிறது?

சரி, பஸ் ஏறுவோம். கோட்டாறுல இருந்து மேற்கே, திருவனந்தபுரம் ரோட்டுல, பார்வதிபுரத்தைத் தாண்டினா கள்ளியங்காடு. 'காடு'ன்னு பேரைக் கேட்டு கேமராவோட வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. கேரளா போற பஸ்ஸும் டெம்போவும் ஹாரன் அடிச்சுக்கிட்டே போகும். நீலியே வந்தாலும் ரோட்டைக் கிராஸ் பண்றது கஷ்டம்.

இந்த ரோட்டுலயே மேற்கே போய்க்கிட்டே இருந்தா, வழியெல்லாம் யட்சி நாடு. நம்ம ஊர் இயக்கி, இசக்கின்னா அவங்க ஊர் யட்சி. ஒரே சொல்லோட வேற வேற உச்சரிப்பு. அந்த யட்சியை நாவலுக்குள்ள கொண்டு வந்தவர் மலையாற்றூர் ராமகிருஷ்ணன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, கார்ட்டூனிஸ்ட், தமிழ் பேசும் குடும்பத்துல பிறந்தவர். 1967-ல் அவர் எழுதிய 'யட்சி' நாவலோட ஹீரோ சீனிவாசன், ஒரு கெமிஸ்ட்ரி லெக்சரர். லேப் விபத்துல முகம் வெந்துபோகுது. கண்ணாடியைப் பார்க்கவே பயப்படுற அந்த ஆளைத் தேடி ராகினின்னு ஒரு அழகி வர்றா. காதலிக்கிறா, கல்யாணமும் ஆகுது. அவனுக்கு ஒரே சந்தேகம்: என் மூஞ்சியைப் போய் ஒரு மனுஷி காதலிப்பாளா? அப்ப இவ மனுஷிதானா?

அடுத்த வருஷமே, 1968-ல், கே.எஸ்.சேதுமாதவன் அதைப் படமாக்கினார். சத்யன், சாரதா. இது ஏன் தேறிச்சுன்னு யோசிச்சா விஷயம் சிம்பிள். பேயைத் தேடுற கதை இல்லை அது. வெந்துபோன ஒரு முகம் என்னென்ன யோசிக்கும்ங்கிற கதை. முகத்தை கேமராவுக்குப் பிடிக்கும். சந்தேகத்தை சாரதா மேல வைக்காம சத்யனோட கண்ணுல வச்சாங்க. அதனால ராகினியைக் கடைசி வரைக்கும் பொண்ணாவே காட்டினாலும் நமக்கு உள்ளுக்குள்ள குடையுது. முடிவைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கங்க. இதே நாவலைத்தான் ஷாலினி உஷா நாயர் 'அகம்'னு ஃபகத் ஃபாசிலை வச்சு இந்தக் காலத்துக்கு மாத்தி எடுத்தாங்க. ஃபகத் முகத்தைப் பார்த்தாலே நமக்குச் சந்தேகம் வர ஆரம்பிச்சுடும், அது ஒரு வசதி.

இன்னொரு கதை. வைக்கம் முகமது பஷீரோட 'நீல வெளிச்சம்'. சில பக்கம்தான். ஒரு எழுத்தாளர் தனி வீடு ஒண்ணு வாடகைக்கு எடுக்குறார். அங்கே கிணத்துல விழுந்து செத்த பார்கவியோட பேய் இருக்குன்னு ஊரே சொல்லுது. இவர் பாட்டுக்கு அவகிட்ட பேசிக்கிட்டே எழுதிக்கிட்டு இருக்கார். ஒரு ராத்திரி விளக்குல மண்ணெண்ணெய் தீர்ந்துபோகுது. வாங்கப் போறார். திரும்பி வந்து கதவைத் திறந்தா, அறை முழுக்க நீல வெளிச்சம். அவ்வளவுதான் கதை.

இதை 1964-ல் ஏ.வின்சென்ட் 'பார்கவி நிலையம்'னு எடுத்தார். அதே வருஷம் நம்ம 'காதலிக்க நேரமில்லை'யைக் கலர் கலரா ஒளிப்பதிவு பண்ணிக் கொடுத்தாரே, அதே வின்சென்ட்தான். ஆனா 'பார்கவி நிலையம்' கறுப்பு வெள்ளை! நீல வெளிச்சம்ங்கிற கதையை நீலமே இல்லாம எடுத்திருக்காங்க. திரைக்கதை எழுதினது பஷீரேதான். அவர் என்ன செஞ்சார்னா, காட்ட முடியாத வெளிச்சத்தைத் துரத்தல. பார்கவி ஏன் செத்தா, யாரை நேசிச்சா, கொன்னது யார்னு முழுசா ஒரு வாழ்க்கையை எழுதிச் சேர்த்தார். மலையாளப் பேய்ப் படங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 2023-ல் ஆஷிக் அபு இதையே 'நீலவெளிச்சம்'னு கலர்ல எடுத்தார். டொவினோ தாமஸ், நல்ல கேமரா, அழகான கடற்கரை. நீலமும் வந்துடுச்சு. எனக்கென்னவோ கறுப்பு வெள்ளையிலதான் அந்த வீடு அதிகமா இருட்டா இருந்தது. காட்ட முடியறது வேற, காட்டணும்ங்கிறது வேற போல.

கள்ளியங்காட்டைத் தாண்டி தக்கலை போனா, பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. இருக்கிறது தமிழ்நாட்டுல, நிர்வாகம் கேரள அரசு. 'மணிச்சித்ரதாழு' (1993) படத்தோட சில காட்சிகள் இங்கே எடுத்ததுதான். நம்ம 'சந்திரமுகி' (2005) அதோட பேத்தி. நாவல் இல்லைங்கிறதால இங்கே அதிக நேரம் நிக்க வேணாம். ஒண்ணை மட்டும் கவனிங்க. அந்தப் படத்துலயும் எல்லாத்தையும் ஆட்டிப்படைக்கிறது ஒரு பூட்டின கதவு.

கதவுன்னதும் வெளிநாட்டுக்காரங்களும் ஞாபகம் வர்றாங்க. ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதின 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலை ராபர்ட் வைஸ் 1963-ல் படமாக்கினார். பேயையே காட்டல. வெளியே ஏதோ தட்டுது. மரக்கதவு உள்பக்கமா உப்பி வளையுது. நீங்க சோபாவை விட்டு எந்திரிச்சுடுவீங்க. ஸ்டீபன் கிங் சமாசாரம் வேற. 1977 நாவல் 'தி ஷைனிங்'கை 1980-ல் குப்ரிக் எடுத்தார். உலகமே தலைமேல தூக்கி வச்சது, எழுதினவருக்கு மட்டும் பிடிக்கல. 1997-ல் அவரே திரைக்கதை எழுதி டி.வி. தொடரா எடுக்க வச்சார். புக்குக்கு நேர்மையா இருந்தது. இன்னிக்கு ஊர்ல பத்து பேரைக் கேளுங்க, பத்து பேருக்கும் குப்ரிக் படம்தான் தெரியும்.

ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேலே. கோஜி சுசுகியோட 'ரிங்' நாவலில் (1991) சடாகோ டி.வி.க்குள்ள இருந்து தவழ்ந்து வெளியே வர்ற சீனே கிடையாது. 1998 படத்துல நகாடா சேர்த்தது அது. நாவலைக் கெடுத்துட்டாரா? இல்லை. உட்கார்ந்து டி.வி. பார்க்கிற உங்களைப் பார்த்து, 'கதை திரைக்குள்ளதான் இருக்கும்னு நினைச்சியா?'ன்னு கேட்டுட்டார்.

இந்த டெக்னிக் கோட்டாறு பக்கத்துக் கொடை விழாக்கள்ல ரொம்ப நாளாவே இருக்கு சார்! நடு ராத்திரி. வில்லுல கட்டின மணிகள் வீசுகோல் பட்டுக் குலுங்குது. குடத்துல அடி விழுது. உடுக்கை, ஜால்ரா. பாடகர் கதையை மெல்ல நகர்த்திக்கிட்டு வர்றார். நல்ல பாடகர் அந்தப் பூட்டின அறைக்குள்ள அவசரமா போக மாட்டார். வெளியிலயே நிறுத்தி நம்மைச் சாகடிப்பார். கதை அந்த இடத்துக்கு வர வர உடுக்கையோட வேகம் ஏறும். திடீர்னு, அதுவரைக்கும் உங்க பக்கத்துல சாதாரணமா நின்னுக்கிட்டு இருந்த ஆளுக்கு அருள் வந்து ஆட ஆரம்பிப்பார். பாட்டுக்குள்ள இருந்த நீலி பந்தலுக்குள்ள இறங்கிட்டா. சடாகோவுக்கு சீனியர்!

தமிழ் டி.வி.யில் இதுக்குக் கிட்ட வந்தது ஒண்ணே ஒண்ணுன்னு சொல்வேன். இந்திரா சௌந்தர்ராஜனோட 'விட்டு விடு கருப்பா' நாவல். 1990-களின் இறுதியில் நாகா இயக்கத்தில், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், சன் டி.வி.யில் 'மர்ம தேசம் - விடாது கருப்பு'ன்னு வந்தது. உங்க அண்ணன், அக்காமார்கிட்ட பேரைச் சொல்லிப் பாருங்க, இன்னும் அந்த டைட்டில் மியூசிக்கைப் பாடிக் காட்டுவாங்க. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி வந்த தொடர். போன செமஸ்டர் லீவுல உட்கார்ந்து பார்த்தேன். டெக்னிக்கலா பார்த்தா பழசுதான். ஆனா தோட்டக்காரமங்கலம்ங்கிற அந்த ஊரை எடுத்திருக்கிற விதம் இருக்கே... வெயில், புழுதி, திண்ணையில உட்கார்ந்து கதை பேசுற கிழடுங்க. ராத்திரி தூரத்துல குதிரைக் குளம்புச் சத்தம். கருப்பு சாமியா, மனுஷனா? ஊரே ரெண்டு பட்டு நிக்குது, வாரக்கணக்கா. நீலி கதையோட எழுபது பேர் சீனை இழுத்துப் பல எபிசோடுக்கு நீட்டின மாதிரி.

சினிமாவுக்கு இல்லாத ஒரு சொத்து சீரியலுக்கு உண்டு. நேரம். வாரம் ஒரு தடவை வந்ததால, மிச்சம் ஆறு நாளும் கதை டி.வி.க்கு வெளியேதான் ஓடியிருக்கு, பள்ளிக்கூடத்துல, பஸ் ஸ்டாப்புல, 'யாருடா கருப்பு?'ன்னு. பார்த்தவங்கள்ல பாதிப் பேரு ஊர் எல்லையில நிஜமாவே ஒரு கருப்பசாமி கோயில் இருந்திருக்கும், டியூஷன் முடிஞ்சு அந்த வழியாத்தான் சைக்கிள்ல திரும்பியிருப்பாங்க. நான் ஒரே மூச்சுல பத்து பத்து எபிசோடா முழுங்கினதுல அந்தப் பயம் எனக்குப் பாதிதான் கிடைச்சது. 2018-ல் மைக் ஃபிளானகன் 'ஹில் ஹவுஸ்' நாவலை நெட்ஃபிளிக்ஸ் தொடரா எடுத்தப்போ, பின்னணியில ஓரமா, யாரும் கவனிக்காத மாதிரி பேய்களை நிறுத்தி வச்சார். ஒரே ராத்திரியில பத்து எபிசோடு பார்க்கிறவனை வேற எப்படித்தான் பிடிச்சு நிறுத்துறது! இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். அவர் நாவல்களில் படமாகாதவை வண்டி வண்டியா இருக்கு. யாராவது கை வைக்கலாம்.

வச்சாலும் பேரை மட்டும் எடுத்துட்டுப் போயிடாம இருக்கணும். சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்' தெரியுமில்லே? பேயா, விஞ்ஞானமான்னு கணேஷும் வசந்தும் மண்டையை உடைச்சுக்கிற நாவல். 2019-ல் நயன்தாரா நடிச்சு அதே பேருல ஒரு படம் வந்தது. ஆசையாப் போனவங்களுக்கு உள்ளே கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. கதை 'ஹஷ்'னு ஒரு ஆங்கிலப் படத்துலேருந்து வந்தது. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'ன்னு ஒரு பேய்க்கதை எழுதியிருக்கார், சில பக்கத்துல ஒரு வீட்டையே சந்தேகத்தால நிரப்பின கதை. அதுக்கும் லாரன்ஸோட 'காஞ்சனா'வுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். 'காஞ்சனை'யைப் படிச்சிட்டுச் சொல்லுங்க, அதை எப்படி எடுப்பீங்கன்னு. எனக்கு ஒரு ஷாட்கூடத் தோணல.

கடைசியா கிழக்கே. திருநெல்வேலி பஸ்ல ஏறி ஆரல்வாய்மொழியைத் தாண்டினா, ரெண்டு பக்கமும் காற்றாலைகள் சுத்திக்கிட்டு இருக்கும். ராத்திரி அந்த வழியாப் போனா ஒவ்வொண்ணு தலையிலயும் சிவப்பு லைட்டு. எந்த ஆர்ட் டைரக்டரும் போட முடியாத செட். முப்பந்தல் அங்கேதான். இசக்கியம்மன் கோயில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கு. லாரி டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிட்டு வந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கிட்டுப் போவாங்க. ஒரு காலத்துல சரக்கு வண்டிக்காரங்க எந்த வழியைக் கடக்கப் பயந்தாங்களோ அதே வழி. எவளுக்குப் பயந்தாங்களோ அவகிட்டயே இப்ப 'பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துடு தாயே'ன்னு கேட்குறாங்க. பிள்ளை வரம் கேட்டும் பொண்ணுங்க வர்றாங்க. கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கினவகிட்ட வேற என்னத்தைக் கேட்பாங்க!

இதை எடுத்த படம் ஒண்ணும் என் கண்ணுல படல. பங்குனி, சித்திரை, ஆடி மாசங்கள்ல இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஊருக்கு ஊர் கொடை நடக்கும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. எங்கே நீலி கதை படிக்கிறாங்கன்னு கோட்டாறு மார்க்கெட்ல விசாரிச்சா சொல்லிடுவாங்க. பத்து மணிக்கே போய் குடம் அடிக்கிறவர் பக்கமா ஒரு இடம் பிடிச்சுக்கங்க. பன்னெண்டு மணிக்கு மேல எந்திரிச்சுப் போக வழி கிடைக்காது. துணைக்கு ஆள் இல்லாம வராதீங்க. திரும்பிப் போறப்போ கடைசி பஸ்ஸும் இருக்காது.